ரொட்டியும் பருப்பும் ரைபோசோமும்



இலங்கையின் மீரியபெத்தயிலும் பதுளைப் பக்கத்து மற்றத் தேயிலைத் தோட்டங்களிலும், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் காலைச் சாப்பாடு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டிதான். அந்த ரொட்டி உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ரொட்டியிலுள்ள புரதம் செரித்து, அமினோ அமிலங்களாகப் பிரிந்து, இரத்தத்தின் வழியே கலங்களுக்குப் போகிறது. அங்கே அவற்றுக்காகக் காத்திருப்பவை ரைபோசோம்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் சுமார் 40,000 ரைபோசோம்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு நுண்ணியவை. மரபணுவிலிருந்து வரும் செய்தியை மும்மூன்று எழுத்தாக வாசித்து, 20 வகை அமினோ அமிலங்களில் உரியதை ஒவ்வொன்றாகக் கோர்த்துப் புரதமாக்குவதே அவற்றின் வேலை. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

ரைபோசோம் இல்லாத கலம் என்ன ஆகும்? நம் செங்குருதிக் கலத்தைப் பாருங்கள். எலும்பு மச்சையில் வளரும்போது அதன் ரைபோசோம்கள் மும்முரமாக ஹீமோகுளோபின் என்ற புரதத்தைச் செய்கின்றன. முதிர்ந்ததும் அவை மறைந்துவிடுகின்றன. பிறகு, பழுதான புரதத்துக்குப் பதில் புதியது செய்ய வழியே இல்லை. சுமார் 120 நாளில் அந்தக் கலத்தின் ஆயுள் முடிகிறது.

ஒரு ஹீமோகுளோபினில் 574 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் 44 இடங்களில் லைசீன் என்ற அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். லைசீனை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். கோதுமை மாவிலோ அது குறைவு. லைசீன் போதாவிட்டால் ரைபோசோம் வேறொன்றை வைத்துச் சமாளிப்பதில்லை; வேலை தடைப்படுகிறது. உடம்பு தன் தசையையே கரைத்துக் கொடுக்கிறது. வளரும் பிள்ளைக்கு அது வளர்ச்சியிலேயே விழும் அடி.

பருப்பில் லைசீன் தாராளமாக இருக்கிறது. கௌபி, கடலை, நெத்தலி, முட்டையிலும் உண்டு. ரொட்டியோடு பருப்புக் கறியும் சேர்ந்தால் ஒன்றில் இல்லாததை மற்றது ஈடுசெய்யும். ஹீமோகுளோபினுக்கு, கூடவே இரும்புச்சத்தும் வேண்டும்.

2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதையும் எடுத்தால் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே அந்தக் குறை. இதைத் தாய்மாரின் அறியாமை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. பருப்பும் முட்டையும் வாங்கக் கூலி போதவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலும் பள்ளிக்கூடத்திலும் அவை தவறாமல் பரிமாறப்பட வேண்டும். நாட்டுக்குத் தேயிலை தருபவர்களின் பிள்ளைகளுக்கு நாடு செய்யவேண்டிய கடமை இது.