தள்ளி உட்காராதீர்கள்

(நமது ஆஸ்பத்திரியின் ஆதரவாளர்கள் தாம்பரத்தில் கூடியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய விருப்பப்படி பெயரை வெளியிடவில்லை.)



முப்பது வருஷம் வகுப்பில் நின்று பேசியவள் நான். ஆனாலும் என் சரீரத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுவது இதுவே முதல் தடவை. எனக்குச் சொரியாசிஸ் என்ற தோல் வியாதி இருக்கிறது. இன்றும் இருக்கிறது. சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்ல நான் வரவில்லை. அதோடு எப்படி வாழ்கிறேன் என்று சொல்லவே வந்தேன்.

1997ல் எனக்கு 34 வயது. தொண்டை வலி ஒன்று வந்து போன சில வாரங்களில் முழங்கையில் சிவந்த தடிப்பு கண்டது. அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது. தலையிலும் வந்தபோது பொடுகு என்று நினைத்தேன். சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் உடன் வேலை செய்த ஆசிரியைகள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் அடங்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும்.

அப்போது தினமும் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெண்கள் பெட்டியில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலும் என் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருக்கும். என் கையைப் பார்த்த பிறகு எழுந்து, கிண்டி வரைக்கும் நின்றுகொண்டே வருவார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன்.

பிறகு உறவினர் ஒருவர் சொன்ன ஆளிடம் போனேன். அவர் வைத்தியம் படித்தவரா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. பொட்டலத்தில் ஒரு பொடி கொடுத்தார். பத்தே நாளில் தோல் குழந்தையின் தோலைப்போல ஆயிற்று. ஐந்து மாதம் சாப்பிட்டேன். முகம் உப்பிப்போனது. சதை போட்டிருக்கிறாய் என்று சந்தோஷப்பட்டார்கள். ஒருநாள் அந்த ஆள் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். பொடி நின்றது. மூன்று வாரத்துக்குள் தலை முதல் பாதம் வரை ஒரே சிவப்பு. தோல் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குளிரும் நடுக்கமும் நிற்கவில்லை. 2001 ஜூலையில் என்னைப் போர்வையில் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள்.

அங்கே முதலில் நடந்தது ஒன்றை மறக்க மாட்டேன். டாக்டர் அம்மா என் கட்டிலில் உட்கார்ந்து, உறை எதுவும் போடாமல் என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்கள். நான்கு வருஷத்தில் என் வீட்டார் தவிர வேறு ஒருவர் என் தோலைத் தொட்டது அன்றுதான். "இது ஒட்டாதம்மா. யாருக்கும் உன்னிடமிருந்து வராது" என்றார்கள்.

அவர்கள் விளக்கியதை உங்களுக்கும் சொல்லுகிறேன். நம் தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. சொரியாசிஸ் உள்ள இடத்தில் இந்த வேலை மூன்று முதல் ஐந்து நாளிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் செதில் குவிகிறது. இதற்குக் காரணம் கிருமி அல்ல. சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலின்மேல் திரும்பிவிடுகிறது. குடும்பத்தில் வரலாம்; ஆனால் தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதில்லை. உலகத்தில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் வருஷத்து அறிக்கை சொல்லுகிறது. என் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சொரியாசிஸ் உள்ளவர்கள் ஸ்டீராய்டை உள்ளுக்குச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால், நோய் இப்படிச் சரீரம் முழுவதும் பொங்குமாம்.

நம்முடைய ஜனங்கள் இந்த வியாதியைக் கண்டு பயப்படுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. இதைக் குஷ்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் வேறு என்று வியன்னா நகரத்து மருத்துவர் ஹெப்ரா 1841ல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்னே எத்தனையோ பேர் தவறாக ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் குஷ்டம் என்று நாம் வாசிக்கிற எபிரெயச் சொல்லும் பலவகைத் தோல் வியாதிகளைக் குறிக்கிற சொல் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். இன்றைக்குக் குஷ்டத்துக்கே நல்ல மருந்து இருக்கிறது. அவர்களையும் தள்ளிவைக்க ஒரு நியாயமும் இல்லை.

எனக்குக் கொடுத்த மாத்திரை மெத்தோட்ரெக்சேட். இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து இந்த வகை மருந்துகள் வந்தன. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். 1951ல் இந்த வகை மருந்தினால் சொரியாசிஸ் அடங்குவதை மருத்துவர்கள் கவனித்தார்கள்.

இது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடுகிற மருந்து. தவறித் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே மோசமாகும். எங்கள் வார்டு சிஸ்டர் என் வீட்டு நாட்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி, புதன்கிழமைகளை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு நாளில். கல்லீரலுக்கும் இரத்தத்துக்கும் ஒழுங்காகப் பரிசோதனை. மது கூடாது. கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் இதைத் தொடவே கூடாது. மாத்திரை விலை குறைவுதான். விடாமல் பரிசோதனைக்கு வருவதுதான் ஏழைகளுக்குக் கஷ்டம். ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும். புற ஊதா ஒளி சிகிச்சைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரவேண்டும். அதைப் பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆறு மாதத்தில் என் தோல் பெரும்பாலும் அடங்கியது. ஆனால் ஆலயத்துக்குப் போக மனம் வரவில்லை. ஏனென்று சொல்லுகிறேன். வியாதி அதிகமாக இருந்த நாட்களில், ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காற்படியிட்டேன். எனக்கு அடுத்து இருந்தவர் மெதுவாக எழுந்து வரிசையின் மறுகோடிக்குப் போய்விட்டார். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண அவருக்குப் பயம். நான் அவரைக் குறைசொல்லவில்லை. அறியாமல் செய்தார். ஆனால் அன்றைக்கு எழுந்து வந்தவள் இரண்டு வருஷம் அந்த இடத்துக்குப் போகவில்லை. இருந்தென்ன லாபம் என்றுகூடப் பல இரவுகள் நினைத்தேன்.

இதை யார் சொன்னார்களோ, எங்கள் ஆயரம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்தார்கள், "ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா" என்றார்கள். வந்தேன். என் இடதுபக்கத்தில் முழங்காற்படியிட்டார்கள். நான் குடித்த பாத்திரத்தில் எனக்கு அடுத்து அவர்கள் குடித்தார்கள். அவ்வளவுதான். அடுத்த மாதம் அந்த வரிசையில் ஒருவரும் விலகவில்லை.

இப்போது சேலையூரில் என் வீட்டில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் சிலர் கூடுகிறோம். எல்லாச் சமயத்தாரும் உண்டு. குளித்து ஈரம் காயுமுன் எண்ணெயோ களிம்போ பூசுவது, செதிலைப் பிய்க்காமலிருப்பது, மார்கழிக் குளிரில் தோல் வறளாமல் பார்த்துக்கொள்வது, இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களைப் பேசுகிறோம். காலையில் விரல் மூட்டு விறைத்து வீங்கினால் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்துகிறோம். சொரியாசிஸ் பலருக்கு மூட்டையும் தாக்கும். கவனிக்காவிட்டால் விரல் கோணிப்போகும். ஒரு சகோதரி, 2005ல் தாம்பரம் சானடோரியத்தில் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டி, வெட்பாலைத் தைலம் பூசுகிறாள். சித்த வைத்தியத்தில் இந்த வியாதிக்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். எங்கே காட்டினாலும் படித்த வைத்தியரிடம் காட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்பதை எந்த டாக்டரிடமும் மறைக்காதே என்பதே எங்கள் சட்டம். இப்போது புதிய ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. விலை அதிகம், போடுமுன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள்.

சானடோரியம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1928ல் டாக்டர் சௌரிமுத்து அவர்கள் காசநோயாளிகளுக்காக அதை ஆரம்பித்தார். 1990களில் மற்றவர்கள் பயந்து ஒதுக்கிய எய்ட்ஸ் நோயாளிகளையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். காசநோய் காற்றில் பரவக்கூடியது. அப்படியிருந்தும் அந்த நோயாளிகளின் அருகே நின்று பணிசெய்தவர்கள் வாழ்ந்த ஊர் இது. ஒட்டவே ஒட்டாத வியாதிக்கு நாம் ஏன் விலகவேண்டும்?

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். செதில் உதிரும் ஒருவரைப் பார்த்தால், பொடி கொடுக்கும் ஆளின் விலாசத்தைச் சொல்லாதீர்கள். தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. இரண்டாவது, உங்கள் காணிக்கையில் ஒருவருடைய பஸ் செலவுக்கும் பரிசோதனைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அது இல்லாமல்தான் வைத்தியம் பாதியில் நிற்கிறது. மூன்றாவது, பணமில்லாதவர்களும் செய்யக்கூடியது. ரயிலிலும், பள்ளிக்கூடத்திலும், கல்யாணப் பந்தியிலும், ஆலயத்திலும் அவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

இன்றைக்கு நான் அரைக்கை ரவிக்கை போட்டு வந்திருக்கிறேன். முழங்கையில் இன்னும் இரண்டு தடிப்பு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.