திரும்பும் நேரத்தை வீட்டிலேயே குறிக்க வேண்டும்
(வெள்ளறடையில் நடந்த குடும்ப சங்கமத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரை)

இரண்டு யாத்திரைகளைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். ஒன்று, வருகிற ஜனவரியில் நம்மில் சிலர் அகஸ்தியகூடம் ஏறுவது. மற்றொன்று, அதற்கடுத்த கோடையில் நார்வே தேசத்தின் வடகோடியில் இருக்கும் லிங்கென் மலைப்பகுதிக்குப் போவது. என் பெண்ணும் மாப்பிள்ளையும் நார்வேயில் இருப்பதாலும், அகஸ்தியகூடத்துக்கு நான் மூன்று தடவை போனவன் என்பதாலும் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

"அகஸ்தியகூடம் நம்ம வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. நார்வேக்குத்தான் ஏற்பாடெல்லாம் வேணும்" என்று ஒரு மாமா போன கூட்டத்தில் சொன்னார். அவருக்கு முதலில் இரண்டு எண்களைச் சொல்கிறேன். லிங்கென் மலைகளில் மிக உயரமானது யெக்கெவாரி என்ற சிகரம். அதன் உயரம் 1,834 மீட்டர். நம் அகஸ்தியகூடம் 1,868 மீட்டர். கொல்லைப்புறத்து மலைதான் 34 மீட்டர் கூடுதல்!

உயரம் ஏறக்குறைய ஒன்று என்றாலும், அபாயம் வேறு வேறு. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் எட்டரை டிகிரியில் இருக்கிறோம். லிங்கெனுக்குப் பக்கத்துப் பட்டணமான ட்ரோம்சோ 69½ டிகிரிக்கு மேலே, ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே கடல், மலைகளுக்கு நடுவே நீண்ட விரல்போல உள்ளே புகுந்திருக்கும். அதை ஃபியோர்டு என்கிறார்கள். அந்தக் கடல்நீரிலிருந்தே மலை நேராக எழும்புகிறது. உச்சியில் ஜூலையிலும் பனிப்பாறை உண்டு. மே மாதம் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை ட்ரோம்சோவில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. இது சௌகரியம்போலத் தோன்றும். ஆனால் இருட்டு வராததால், களைத்த மனிதனுக்குத் தான் களைத்தது தெரியாமல் போகும். நம் ஊரில் சாயங்காலம் என்று ஒன்று வந்து, போதும் என்று சொல்கிறது. அங்கே அதை நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நார்வேக்காரர்கள் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றார்கள். 1967-ஆம் வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் அவர்களுடைய மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். அதன்பின் மலையேற்றச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து, மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகளை ஊரெங்கும் பரப்பின. 2016-இல் அவற்றைத் திருத்தி அமைத்தார்கள். மொத்தம் ஒன்பது விதிகள். பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். போகும் வழியைத் திட்டமிட்டு மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது முதல் விதி. சக்திக்கும் சூழ்நிலைக்கும் தக்கபடி வழியை மாற்றிக்கொள்வது இரண்டாவது. திரும்பி வர வெட்கப்படாதே என்பது எட்டாவது. இந்த எட்டாம் விதியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதற்குமுன் ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன்.

நார்வேயில் 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பயிர் செய்யாத நிலத்தில் யாரும் அனுமதி கேட்காமல் நடக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம். ஆகவே அங்கே யாரும் உங்களைத் தடுத்து, "எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள்?" என்று கேட்க மாட்டார்கள். கேள்வியும் பொறுப்பும் நம்முடையவை. விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது மலை நடைக்கும் மீட்புக்கும் பொருந்துமா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பனிப்பாறைமேல் வழிகாட்டி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. நம் வயதுக்காரர்களுக்கு ஃபியோர்டுக் கரைப் பாதைகளே போதும். ஜூலையிலும் அங்கே சராசரி வெப்பம் 12 டிகிரியை ஒட்டித்தான். கம்பளி உள்சட்டையும், காற்றும் மழையும் புகாத மேல்சட்டையும் வேண்டும்.

அகஸ்தியகூடம் நேர்மாறு. அது நெய்யாறு வன்யஜீவி சரணாலயத்துக்குள் இருக்கிறது. கேரள வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. வழக்கமாக ஜனவரி முதல் சில வாரங்கள்தான் திறப்பார்கள். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். முன்பதிவு திறந்தவுடன் இடங்கள் தீர்ந்துவிடும். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் அந்தந்த வருஷத்து அறிவிப்பையே பார்க்க வேண்டும். டாக்டர் சான்றிதழும் கேட்கிறார்கள்.

விதுரை வழியாகப் போணக்காடு. அங்கிருந்து காட்டுப் பாதை. கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று நீரோடைகளைத் தாண்டி, புல்மேட்டில் வெயிலில் ஏறி, அதிருமலை முகாமில் ராத்தங்கல். மறுநாள் காலை பொங்காலப்பாறை வழியாக உச்சிக்கு. கடைசியில் வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். போக மட்டும் சுமார் 20 கிலோமீட்டர். யானையும் கரடியும் உள்ள காடு. செல்போன் பெரும்பாலும் எட்டாது. பிளாஸ்டிக்கும் மதுவும் கூடாது. முகாமில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். அதுவே அமிர்தம்.

இந்த மலையில் சரியான ஏற்பாட்டுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆய்வுக்கூடத்துக்கு 1852-இல் தலைவராக வந்த ஜான் ஆலன் ப்ரௌன், 1850-களில் இந்த உச்சியிலேயே ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். ரோடு கிடையாது, டார்ச் கிடையாது. கருவிகள் எல்லாம் மனிதர்கள் சுமந்தே மேலே போயின. அங்கே எடுத்த காந்தக் கணக்குகள் 1874-இல் புத்தகமாக வந்தன.

இன்னொன்று, வழிகாட்டிகளைப் பற்றியது. இங்கே நமக்கு வழி காட்டுகிறவர்கள் காணிக்காரர்கள். 1987-இல் இந்த மலைகளில் நடந்த விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். கூட வந்த காணிகளோ ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் தோட்ட நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்து, கிடைத்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குக் கொடுத்தது. ஆகவே வழிகாட்டி "வேண்டாம், நில்லுங்கள்" என்றால் நிற்க வேண்டும். மலை அவருக்குத் தெரியும். ஆனால் நாமாக எந்தச் செடியையும் பறிக்கக் கூடாது. அது குற்றம்.

பெண்கள் போகலாமா என்று இரண்டு பாட்டிகள் என்னிடம் கேட்டார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப் பின் உச்சி ஏறிய முதல் பெண்மணி ஆனார். மலையைத் தங்கள் தெய்வ ஸ்தானமாகக் கருதும் காணிக்காரர்கள் அப்போது வருத்தம் தெரிவித்தார்கள். அந்த வருத்தத்தை மதித்து, அடக்கமாகப் போய் அடக்கமாக வருவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. லிங்கென் மலைகளிலோ 1898-லேயே எலிசபெத் லெ ப்ளாண்ட் என்ற மாது யாரும் ஏறாத சிகரங்களை ஏறினார். பின்னால் பெண்கள் மலையேற்றச் சங்கத்துக்கு முதல் தலைவியும் ஆனார். நம் பெண்குழந்தைகள் பெயர் கொடுத்தால் நான் சந்தோஷமாக எழுதிக்கொள்வேன்.

இனி எட்டாம் விதி. போன தடவை எங்களுடன் என் அத்திம்பேர் வந்தார். வயது 61. தினமும் நடக்கிறவர். முதல் நாள் நன்றாக நடந்தார். இரண்டாம் நாள் பொங்காலப்பாறையில் உட்கார்ந்தவருக்கு மூச்சு சீராக வெகுநேரம் ஆயிற்று. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டு அகஸ்தியரைப் பார்க்காம திரும்பலாமா?" என்று ஒருவர் சொன்னார், நல்ல மனசோடுதான். அத்திம்பேர் எழுந்திருக்கப் பார்த்தார். அவருக்குத் தன் மூச்சைவிட, தன்னால் மற்றவர்கள் நின்றுவிடுவார்களே என்பதுதான் பெரிய பாரம்.

புறப்படுமுன்பே வீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஜோடி எழுதியிருந்தோம். ஒருவர் திரும்பினால் அவருடைய ஜோடி கேள்வி கேட்காமல் கூடத் திரும்ப வேண்டும். அத்திம்பேருக்கு ஜோடி என் தம்பி பிள்ளை, 22 வயது. அவன் காகிதத்தை நினைவுபடுத்தினான்: "அத்திம்பேர் தாத்தா, எழுதிவெச்சாச்சு. நாம ரெண்டு பேரும் இறங்கறோம். வாங்கோ." வழிகாட்டி, இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு குழுவோடு இருவரையும் சேர்த்துவிட்டார். ஊர் திரும்பியபின் சோதித்த டாக்டர், ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதாகச் சொன்னார். உரிய சிகிச்சை ஆயிற்று. இன்று இந்தச் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பையன் உச்சியை இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஜனவரிப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

திரும்ப வெட்கப்படாதே என்று சொல்வது சுலபம். பாறைமேல் நின்றுகொண்டு, பத்துப்பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்வது சுலபமில்லை. செலவழித்த பணம், எடுத்த லீவு, நேர்ந்துகொண்ட பிரார்த்தனை, எல்லாம் மேலே தள்ளும். அதனால்தான் அந்தத் தீர்மானத்தை மலையில் எடுக்கக் கூடாது, வீட்டில் எடுத்துவிட வேண்டும் என்கிறேன். உச்சிக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று எழுதுவதற்கு முன்னால், எத்தனை மணிக்கு, எங்கே நின்றாலும் திரும்புவோம் என்று எழுதுங்கள். எங்கள் கணக்கு பகல் 12 மணி. யாருடன் யார் திரும்புவது என்று எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்தியாவில் 112. நார்வேயில் மருத்துவ உதவிக்கு 113.

பெயர் கொடுப்பவர்களுக்கு மூன்று நிபந்தனைகள். நவம்பர் முதல் ஞாயிறுதோறும் நம்முடன் காளிமலையோ கூனிச்சி மலையோ ஏற வேண்டும், முதுகில் சுமையோடு. வெளியூர் அங்கத்தினர்கள் தங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் மாடிப்படி ஏறட்டும். ஐம்பது தாண்டியவர்கள் இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மூன்றாவது, ஜோடிக் காகிதத்தில் கையெழுத்து.

நெய்யாறு அந்த மலையில்தான் உற்பத்தியாகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது அங்கே போக ஆசைப்படுவது நியாயம். போய்விட்டு எல்லோரும் திரும்பி வர வேண்டும் என்று வீட்டிலிருப்பவர்கள் ஆசைப்படுவதும் நியாயம். பட்டியல் நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது. பெயர் எழுதும்போதே பக்கத்தில் ஜோடியின் பெயரையும் எழுதிவிடுங்கள்.