மூன்று ஊரில் வேலை, ஒரே அடையாள அட்டை



வாவிக்கரைப் பிள்ளைகள் ஆறு மாதம் தென்னந்தோட்டத்தில், பிறகு கொழும்புக் கடையில், அதற்குப் பிறகு பொலன்னறுவை அரிசி ஆலையில் என்று ஓடுகிறார்கள். முதலாளி மாற மாற ஈ.பீ.எப். இலக்கமும் மாறும். சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், எல்லாம் மூன்று கணக்கில் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் ஓரிடத்தில் ‘இராமாயி’, இன்னோரிடத்தில் ‘ராமாய்’ என்று பதிந்திருந்தால் அலைச்சல்தான்.

ஈ.டீ.எப். என்றால் வேலையை விட்டபின் எடுக்கும் காசு என்றே நாம் நினைக்கிறோம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி முதலாளி 3 வீதம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். நம் சம்பளத்தில் அதற்காக ஒரு சதமும் வெட்டக்கூடாது. இருதய சத்திரசிகிச்சைக்கும், கண்ணில் வில்லை வைக்கவும் அந்த நிதியத்தில் உதவி உண்டு. பதிவே இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பது?

“நாட்கூலிதானே, பதிவு எதற்கு?” என்பார்கள். நாட்கூலிக்கும் முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கையிலுள்ள சம்பளத் துண்டுகளுடன் வாருங்கள். கொழும்பிலிருக்கும் பிள்ளையிடம் இலக்கத்தைப் போனில் கேட்டு எழுதி வாருங்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். தொழில் அலுவலகத்துக்கும் கூடவே வருகிறோம்.