நிறுப்பவரே நீதிபதியா?
(கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பால் நிறுக்கும் கிராணி எடையில் தவறு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புகாரை விசாரிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தால் நாம் சம்மதிப்போமா? பெரட்டுக்களத்தை விட்டு நகரமாட்டோம். ஆனால் இந்நாட்டுப் பத்திரிகைகள் விஷயத்தில் நடந்துவந்தது ஏறக்குறைய இதுதான். அரசாங்கத்தின் குறைகளை எழுதவேண்டிய பத்திரிகை, அச்சிடும் அனுமதியை அமைச்சரிடமே வாங்கவேண்டும்.

இது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. அவசரகாலம் பிறந்த 1948இலேயே அச்சகச் சட்டமும் வந்தது. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு ரத்தானதும் அதே ஆண்டுதான். சுதந்திரம் வந்தது, சட்டம் போகவில்லை. 1984இல் புதுப்பெயர் பூண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமாயிற்று. பெர்மிட் இல்லாமல் பத்திரிகை அச்சிட்டால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்!

1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் பெர்மிட்டும் பறிபோயிற்று. மறு ஆண்டு மார்ச்சில்தான் திரும்பக் கிடைத்தது. பூட்டியது மூன்றைத்தான். மற்றப் பத்திரிகைகளின் பேனா எப்படி ஓடியிருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம். கண்டிப்பான தண்டலுக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். பிறகு சட்டத்தையும் திருத்தி, அமைச்சர் முடிவைக் கோர்ட்டில் கேட்கக்கூடாது என்றாக்கினார்கள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை நீக்கினால்கூடத் தொழில் நீதிமன்றம் வரை போகலாம். பத்திரிகைக்கு அந்த நியாயம் 2012இல்தான் திரும்பியது. ஆண்டுதோறும் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் தொல்லையும் அப்போதுதான் ஒழிந்தது.

தமிழ்ப் பத்திரிகையும் தப்பவில்லை. 2007இல் மக்கள் ஓசை, ஏசுநாதர் கையில் சிகரெட்டுடன் இருக்கும் படத்தை வெளியிட்டது. தவறுதான்; மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் ஒரு மாதம் மூடல். தவறு செய்தது ஒரு படம். பட்டினி கிடந்தது அத்தனை வாசகரும்.

அப்படியானால் இனக்கலவரம் மூட்டுகிறவனையும் பொய் எழுதுகிறவனையும் சும்மா விடுவதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடவேண்டாம். கோர்ட்டில் நிறுத்துங்கள், சாட்சியைக் காட்டுங்கள் என்கிறோம். 2015இல் 1எம்டிபி பணத்தைப் பற்றி எழுதிய எட்ஜ் பத்திரிகைகளை மூன்று மாதத்துக்கு நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செப்டம்பரிலேயே ரத்துச் செய்தது. அந்தக் கதவு திறந்திராவிட்டால்? அது மக்கள் பணம். அந்தச் செய்திகள் வராமலே போயிருந்தால் 2018இல் எதைத் தெரிந்துகொண்டு ஓட்டுப் போட்டிருப்போம்?

2025இல் ஊடக மன்றச் சட்டம் வந்தது. புகாரை விசாரிக்க அமைச்சரல்லாத ஓர் இடம் ஏற்பட்டது நல்லதே. ஆனால் அது பெர்மிட் சட்டத்தை நீக்கவில்லை. ஆகவே, பெர்மிட்டைப் பறிக்கும் அதிகாரம் அமைச்சர் கையை விட்டுப் போகவேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த கிளைக் கூட்டத்தில் கொண்டுவருகிறோம். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்களும் வரட்டும். அவர்கள் பேச்சையும் இதே பக்கத்தில் போடுவோம்.