அணைத்தது அணைந்திருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மரக்கறிச் சந்தையில் சாமத்து லொறிகளை அனுப்பிவிட்டு நித்திரையும் கொள்ளாமல் வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

மூடியைத் திறந்ததுமே லப்டொப் தானாக எழும்புவது, வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து கதவு திறக்கும் பிள்ளை மாதிரி என்று எதிரணித் தலைவர் சொன்னார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, நித்திரையில் இருக்கிற லப்டொப் வேறு, அணைத்து வைத்த லப்டொப் வேறு. நித்திரையில் இருப்பதற்கு உள்ளே கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். அது எழும்பட்டும், நானும் கைதட்டுகிறேன். அணைப்பது அப்படியல்ல. இன்றைய வேலை முடிந்தது என்று நான் சொல்லி முடித்த சொல் அது. அந்தச் சொல்லை ஒரு மூடி எப்படி மாற்றலாம்?

நான் இங்கே பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். 1999இல் இந்த நிலையம் திறந்த காலத்தில் கணக்கெல்லாம் நீளக் கொப்பியில். இப்போது லப்டொப்பில். வெங்காயச் சருகும் உருளைக்கிழங்கு மண்ணும் எங்கே போய் ஒதுங்கும் என்று நினைக்கிறீர்கள்? விசைகளின் இடுக்கில்தான். விடியப்புறம் கணக்கை முடித்து, லப்டொப்பை அணைத்து மூடி வைத்துவிட்டு, முகம் கழுவி வந்து, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு மூடியைத் திறந்தேன். திரை பளிச்சென்று எழும்பிவிட்டது. துணியிலிருந்து ஒரு சொட்டு நீர் விசைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே மின்சாரம் ஓடத் தொடங்கிவிட்டது. கையை இழுத்துக்கொண்டேன். மின்சாரம் ஓடும் பொருளை ஈரத்தோடு தொடாதே என்று அம்மா சொல்லித்தந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் முதலில் அணைத்தேன். அந்தக் கவனத்தையே வீணாக்கிவிடுவதற்கு வசதி என்று பெயர் வைக்கலாமா?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஆப்பிள் நிறுவனம் 2016 கடைசியில் விட்ட மெக்புக் புரோவைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் எழும்பும். சார்ஜரைச் செருகினாலும் எழும்பும். எழும்பும்போது காலங்காலமாகக் கேட்டுவந்த அந்த மணியோசையையும் அதிலே எடுத்துவிட்டார்கள். ஓசை 2020இல் மெக் இயங்குதளத்தின் பிக் சேர் பதிப்போடு திரும்பி வந்தது. எழும்பும் பழக்கமும் கூடவே இருந்தது. விண்டோஸ் பக்கமும் இதே கதைதான்: டெல்லில் 'பவர் ஒன் லிட் ஓப்பன்', லெனோவோவில் 'ஃபிளிப் டு பூட்' என்று பெயர் மட்டும் வேறு.

சார்ஜரைச் செருகினாலே எழும்புவதைப் பற்றி இந்த இலங்கை நாட்டில் உள்ளவர்களிடம் நான் விளக்க வேண்டுமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனது. அந்த நாட்களில் பற்றரியை நாம் அரிசி அளக்கிற மாதிரி அளந்து செலவழித்தோம். கரண்ட் திரும்பி வந்தாலும் நம் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியை உடனே போடுகிறோமா? 'பொறு, கொஞ்சம் நிலைக்கட்டும்' என்று ஆச்சி சொல்லுவா. மின்சாரம் தொட்டதும் எழும்பு என்று பழக்கிய கருவி அந்த ஆச்சியின் அறிவுக்கு நேர் எதிரே நிற்கிறது.

எதிரணியில் அந்தத் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். எழும்பினாலும் கடவுச்சொல் கேட்கும்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கடவுச்சொல் தெரியாதவருக்கு என் கணக்குப் புத்தகம் திறக்காது. ஆனால் தம்பி, நான் கள்ளனைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுகிறேன். பூட்டு நல்ல பூட்டு என்பதற்காக, நான் நிறுத்திய விளக்கை இன்னொருவர் போடலாமா?

நிறுத்த வழி இருக்கிறது, நடுவர் அவர்களே. டெல், லெனோவோ என்றால் தொடங்கும்போதே பயோஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் போய் நான் சொன்ன அந்தத் தெரிவை எடுத்துவிடலாம். மெக்கில்தான் வருத்தம். பழைய இன்டெல் மெக்கில் 'ஓட்டோபூட்' என்று ஒரு கட்டளை இருந்தது. 2020இல் ஆப்பிளின் சொந்தச் சில்லு வந்தபோது அது எடுபடாமல் போனது. 2024இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்துதான் 'பூட்பிரிஃபரன்ஸ்' என்ற புதுக் கட்டளைக்கு இடம் கிடைத்தது. பெறுமதி 00 என்றால் மூடிக்கும் எழும்பாது, மின்சாரத்துக்கும் எழும்பாது. 01 என்றால் மூடிக்கு மட்டும் எழும்பாது. 02 என்றால் மின்சாரத்துக்கு மட்டும் எழும்பாது. அப்போதும் ஒரு விசையைத் தொட்டால் எழும்பிவிடும். அதை இந்தக் கட்டளை தடுக்காது. என் ஈரத்துணிக்கு அரைத் தீர்வுதான் கிடைத்திருக்கிறது.

எனக்குக் கோபம் எங்கே தெரியுமா? மெக்கில் இந்தத் தெரிவு அமைப்புகள் பக்கத்தில் ஓர் ஆளியாக இல்லை. டேர்மினல் என்ற சன்னலைத் திறந்து, ஓர் எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அறுபது வயதில் பேரப்பிள்ளையோடு கதைக்க லப்டொப் வாங்கிய பெரியம்மா அதை எப்படி அடிப்பா? வேண்டும் என்பவருக்கு அது தானாகவே கிடைக்கிறது, வேண்டாம் என்பவர் படித்துத் தேற வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இவ்வளவு ஆழத்தில் புதைந்து கிடக்கும்போது அதை வசதி என்று பாராட்ட என்னால் முடியவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். மூன்று பெறுமதிகளையும் தமிழ் விளக்கத்தோடு கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். லப்டொப் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள். எதிரணித் தலைவரே, உங்களுடையதையும் கொண்டுவாருங்கள், நானே பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறேன்.