மல்லியும் பிச்சியும் ஒரே பக்குவமா?



கார்த்திகை பிறந்துவிட்டால் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவாத்துக்குத் தயாராகி விடுவார்கள். அந்தச் சமயத்தில் வலையங்குளம், செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கமெல்லாம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மல்லியோட கொஞ்சம் பிச்சியும் வச்சா என்ன? ரெண்டும் ஒரே சாதிதானே, ஒரே பக்குவந்தானே?" என்பார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரே பக்குவம் என்று நினைத்து வைத்தால், பிச்சியில் காசு பார்க்க முடியாது.

முதலில் பெயரைத் தெளிவு பண்ணிக்கொள்வோம். மல்லி என்று இங்கே சொல்வது குண்டுமல்லியை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லி இதுதான். இதழ் தடிப்பு, காம்பு நீளம். அதனால் பறித்த பிறகும் சீக்கிரம் வாடாது. பிச்சி என்பது ஜாதிமல்லி. சில ஊரில் முல்லையையும் பிச்சியையும் மாற்றிச் சொல்லிக் குழப்புகிறார்கள். இலையைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். மல்லிக்கு ஒவ்வொன்றும் தனி இலை. பிச்சிக்கு ஒரே ஈர்க்கில் ஐந்து, ஏழு என்று சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். மொட்டின் வெளிப்புறத்திலும் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும்.

இனி நடவு. மல்லி புதராக நிற்கும் செடி. செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை ஒன்றேகால் மீட்டர், அதாவது சுமார் நாலடி விட்டால் போதும். ஏக்கருக்கு ஏறக்குறைய 2,600 செடி பிடிக்கும். பிச்சி அப்படி இல்லை. கொடி மாதிரி நீண்ட கிளைகளை விட்டுச் சாய்ந்து படரும். அதற்கு வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் வேண்டும். ஏக்கருக்கு 1,350 செடிதான். "இவ்வளவு இடத்தைச் சும்மா போடுவதா?" என்று நாலடியில் நட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதல் வருசம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் வருசம் கிளையும் கிளையும் பின்னிக்கொண்டு, உள்ளே நுழைந்து பறிக்க முடியாது. காற்றோட்டம் இல்லாமல் இலையில் நோய் தங்கிவிடும்.

இந்த இரண்டு செடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம், பூக்கிற காலம். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வருகிறது. மல்லிக்குப் பங்குனியில் பூ ஏறத் தொடங்கி, சித்திரை, வைகாசியில் கொட்டும்; ஆடி வரை போகும். பிச்சி ஆனி வாக்கில்தான் சூடு பிடிக்கும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி வரை கொடுத்து, கார்த்திகையில் குறையும்.

இப்போது உங்கள் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மல்லி அதிகமாகத் தண்ணீர் கேட்பது எப்போது? சித்திரை, வைகாசி வெயிலில், கிணறு அடியைத் தொடும்போது. பூக்கிற பருவத்தில் வாரம் ஒரு தண்ணீர் தவறினால் மொட்டு சிறுத்துப்போகும், எடை நிற்காது. ஆகவே மல்லி எத்தனை சென்ட் வைக்கலாம் என்பதை ஐப்பசி மழையில் நிரம்பிக் கிடக்கிற கிணற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன சித்திரையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எத்தனை சென்ட் பாய்ந்தது என்று கணக்குப் பாருங்கள். சொட்டுநீர் போட்டிருந்தால் கூடக் கொஞ்சம் வைக்கலாம்.

பிச்சிக்கு அந்தக் கவலை குறைவு. வெயில் காலத்தில் செடி காயாமல் காப்பாற்றினால் போதும். பூக்கும்போது ஆவணி, புரட்டாசியின் சாயங்கால மழை கை கொடுக்கும். ஆனால் அந்த மழையேதான் அதற்கு எதிரியும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மழை விடாமல் பிடித்தால் இலைக்கருகல் வரும். இலையில் பழுப்புப் புள்ளி கண்டவுடனே மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். இலை முழுவதும் கருகும் வரை காத்திருக்க வேண்டாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல்காரர்கள் வடிகால் எடுக்காமல் இரண்டையுமே நடக்கூடாது. மேலூர் பக்கத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சுண்ணாம்பு கலந்த மண்ணாக இருந்தால் மல்லியில் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. பெரஸ் சல்பேட் என்கிற அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளித்தால் தெளிவடையும்.

அடுத்தது கவாத்து. மல்லியை நவம்பர் கடைசி வாரம், கார்த்திகை நடுவில் வெட்ட வேண்டும். அதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திச் செடியை ஓய்வுக்கு விட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், மார்கழி நடுவில். ஆள் வந்திருக்கிறார்கள், கூலி கொடுத்தாயிற்று என்று இரண்டையும் ஒரே நாளில் வெட்டிப் போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அப்படிச் செய்தால் பிச்சியின் கடைசிப் பூ போய்விடும். கார்த்திகை முகூர்த்தத்தில் அந்தப் பூவுக்குத்தான் நல்ல விலை! போதாக்குறைக்கு, வெட்டிய செடி வடகிழக்கு மழையில் நனைந்துகொண்டு நிற்கும்.

கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரம். இரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, கவாத்துக்குப் பின் ஒரு தடவையும் ஜூன், ஜூலையில் ஒரு தடவையும் வையுங்கள். ஒரு தடவைக்கு மல்லிச் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். பிச்சிக்கு யூரியா 110, சூப்பர் 470, பொட்டாஷ் 85 கிராம். இது வளர்ந்த செடிக்குச் சொல்லும் பொது அளவு. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதித்துக் கூட்டிக் குறைத்துக் கொள்வது நல்லது.

பூச்சியைப் பொறுத்தவரை மல்லிக்குத்தான் தொல்லை கூட. மொட்டுப்புழு மொட்டைத் துளைக்கும். மொட்டு ஈ தாக்கினால் மொட்டு ஊதா நிறமாகிக் கொட்டும். வெயிலில் செம்பேன் வேறு. பாதித்த மொட்டுகளைப் பொறுக்கி அழித்துவிட்டு, வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளியுங்கள். செம்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற கடுமையான மருந்துக்கெல்லாம் உடனே போய்விடாதீர்கள். அந்தப் பூவை விடிகாலையில் வெறுங்கையால் பறிக்கப் போவது உங்கள் வீட்டுப் பெண்கள்தான்.

கை என்றதும் முக்கியமான கணக்குக்கு வருகிறோம். நல்ல பராமரிப்பில் மல்லி ஏக்கருக்கு வருசம் மூன்றரை டன் தரும். பிச்சி நாலு டன் வரை போகும். செடி பாதி, மகசூல் கூட. கேட்டவுடன் பிச்சிதான் லாபம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோ பிச்சியில் சுமார் 10,000 பூ நிற்கும். ஒரு கிலோ மல்லியில் அதில் பாதி இருந்தாலே அதிகம். ஒவ்வொன்றையும் விரலால் கிள்ளித்தானே எடுக்க வேண்டும்? ஒரு கிலோ சேர்க்கப் பிச்சிக்கு இரட்டிப்பு வேலை. இரண்டையும் விடிவதற்குள் மொட்டாகப் பறித்தாக வேண்டும். இன்று விட்டால் சாயங்காலம் விரிந்துவிடும், நாளைக்குச் சந்தையில் எடுபடாது. பிச்சி இதழ் மெல்லிசு. மல்லி மாதிரி தாங்கவும் தாங்காது. மாட்டுத்தாவணிக்கோ நிலக்கோட்டைக்கோ முதல் வண்டியில் பூ ஏறுமா என்று பார்த்துக்கொண்டு நடுங்கள்.

விலையும் அப்படித்தான். மல்லி சித்திரையில் எல்லாத் தோட்டத்திலும் கொட்டுகிறபோது இறங்கும். மார்கழி, தையில் பனியால் வரத்து இல்லாதபோது கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அந்தத் தை விலையைப் பேப்பரில் பார்த்துவிட்டு மல்லி வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த விலை கிடைக்கும் நாளில் உங்கள் தோட்டத்திலும் படிக் கணக்கில்தான் பூ இருக்கும். விலை இறங்கினால் சென்ட் ஆலைக்காரர்கள் இரண்டையுமே எடுப்பார்கள். பிச்சியை மட்டும் விரிந்த பூவாக, காலையில் கேட்பார்கள். பிரான்சு நாட்டுக் கிராஸ் ஊரில் வாசனைத் தைலத்துக்காக வளர்த்ததும் இந்தப் பிச்சி இனம்தான்.

சரி, அரை ஏக்கர், ஒரு கிணறு, பறிக்க வீட்டில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். என்னைக் கேட்டால் 35 சென்ட் மல்லி, 15 சென்ட் பிச்சி என்பேன். வைகாசி வரை மல்லி. அது தளர்கிறபோது பிச்சி. ஆனி, ஆடியில் மட்டும் இரண்டும் சேர்ந்து நெருக்கும். அப்போது இரண்டு ஆள் வெளியிலிருந்து வேண்டியிருக்கும். ஆவணி முகூர்த்தம், ஆயுத பூசை எல்லாம் பிச்சிக்கு வாய்க்கும். பறிக்க ஆளே இல்லாத வீடென்றால் பிச்சியை 5 சென்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பாத்தியும் வாய்க்காலும் தனித்தனியாக இருக்கட்டும். மல்லிக்குத் தண்ணீரை நிறுத்தும் கார்த்திகையில் பிச்சி இன்னும் பூத்துக்கொண்டிருக்கும் அல்லவா?

நாற்று வாங்கும்போது மல்லிக்குத் தங்கச்சிமடம் பக்கத்து வேர்விட்ட குச்சிகளையே நம்மவர்கள் விரும்புகிறார்கள், தவறில்லை. பிச்சியில் கோ 1, கோ 2 இரகங்களைக் கேட்டு வாங்குங்கள். கட்டைப் பிரித்து வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடவை ஜூன் முதல் நவம்பருக்குள் முடித்துக்கொள்ளலாம்.