குஞ்சோடு நிற்கும் விரால்

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

மழைக்காலத்தில் ஏரிக்கரையோரம் கவனியுங்கள். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சிலுசிலுவென்று அசையும். உற்றுப் பார்த்தால், செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாய் ஒரு கூட்டம். அவை விரால் குஞ்சுகள். காற்றை விழுங்க மேலே வந்து வந்து போகின்றன.

அந்தக் கூட்டத்துக்கு அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அங்கே தூண்டிலில் ரப்பர் தவளையை மாட்டி வீசினால் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல. குஞ்சுக்கு ஆபத்து என்று பதறிக் கடிக்கிறது. குஞ்சோடு மேயும் கோழியிடம் கையை நீட்டினால் கொத்துமே, அதேதான். பிள்ளையைக் காக்க வந்ததைப் பிடிப்பதில் என்ன திறமை இருக்கிறது, சொல்லுங்கள்!

காவல் போனால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். அதனால், குஞ்சோடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் வேண்டாம்.

தெரியாமல் மாட்டிவிட்டதா? கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழவழப்பு போய்விடும், நோய் தொற்றக்கூடும். தூண்டில் முள்ளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உடனே விடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் புதியவரா? இதமாகச் சொல்லலாம். "அண்ணே, அங்கே குஞ்சு நிக்குது. கொஞ்சம் தள்ளிப் போடுங்க."